வெள்ளிக்கிழமைதோறும் பன்னிரண்டு மணி

பீமாராவுக்கு உட்காரத் தெரியாது. பதினைந்து வருஷமாக என் கடைக்கு வருகிறான். ஸ்டூலை இழுத்துப் போட்டால் அதன் மேல் ஒரு காலைத் தூக்கி வைப்பான், எடுப்பான், ரோட்டைப் பார்ப்பான், என் கடைச் சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார்ப்பான், தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். "பாய், ஒங்க கடிகாரம் நாலு நிமிசம் லேட்டு" என்பான். "எனக்கென்ன ட்ரெயினா புடிக்கணும்? பேசாம நில்லு மாப்ள" என்பேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால் ஸ்டூல் மேல் ஏறி முள்ளைத் திருத்திக்கொண்டிருப்பான். அவனைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கும் படபடவென்று வந்துவிடும்.

நான் சிக்கந்தர். மதுரையில் கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் கார் ஸ்டீரியோ கடை வைத்திருக்கிறேன். டேப் காலத்தில் ஆரம்பித்தது. இப்போது பாட்டு, வழி காட்டுகிற மேப், பின்னால் பார்க்கிற கேமரா எல்லாம் ஒரே திரைக்குள் வந்துவிட்டன. நாங்கள் அதைச் 'செட்' என்றுதான் சொல்வோம். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். என் வீட்டுக்காரி அதை வாய்விட்டுச் சொல்வாள், வாடிக்கையாளர்கள் சொல்லாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஒரு செட்டைத் திறந்து பார்க்காமல் இன்னதுதான் கோளாறு என்று நான் சொன்னதே கிடையாது. அந்தப் பெருமை எனக்கு உண்டு. பீமாராவ் விஷயத்தில் அதற்கும் ஓர் அடி விழுந்தது.

அவன் ஊர் சோழவந்தானுக்குப் பக்கம். அவனுடைய அப்பா அடுத்தவர் வெற்றிலைக் கொடிக்காலில் தண்ணீர் இறைத்தவர். ஏதோ ஒரு கூட்டத்தில் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து, மகனுக்கு அம்பேத்கரின் பெயரை வைத்தார். பள்ளிக்கூடத்தில் அதைப் 'பீமா' என்று சுருக்கிவிட்டார்கள். பதினெட்டு முடிந்த மறுவாரமே லைசென்ஸ் எடுத்து, வெற்றிலைக் கட்டு ஏற்றுகிற வேன் ஓட்டப் போனான். விடிகாலை பஸ்ஸுக்குக் கட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒருநாள் வேனில் இருந்த கடிகாரம் நின்றுபோயிருக்கிறது, அதை நம்பி இவன் பஸ்ஸைத் தவறவிட்டான். கட்டு முழுக்கக் கருகிப்போயிற்று. "குடிச்சுட்டுத் தூங்கிட்டான்" என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார். கடிகாரம் நின்றுபோச்சு என்று இவன் கத்தியிருக்கிறான். ஒருத்தரும் போய் அந்த வேனுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. இவன் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்தவன் இல்லை. அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தக் கடிகாரப் பைத்தியம்.

ஆறு வருஷமாகத் திருநகரில் அன்னக்கொடி அம்மாளிடம் டிரைவர். அந்த அம்மாவுக்கு மெயின் ரோட்டில் பெரிய பாத்திரக் கடை, செக்கானூரணிப் பக்கம் தோப்பு. வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி நியாயஸ்தி என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன் புதுக் கார் எடுத்தார்கள். கம்பெனியிலிருந்தே செட் பொருத்தி வந்த கார். அதைப் பீமாராவ் துடைக்கிற துடைப்பைப் பார்க்க வேண்டும். தன் மகளுக்குக்கூட அப்படித் தலை வாரிவிட்டிருக்க மாட்டான்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் அந்தச் செட் அழிய ஆரம்பித்தது.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு முதல் தடவை வந்தபோது, "பாய், தானா எல்லாம் அழிஞ்சுபோகுது. டைம் பன்னண்டுன்னு காட்டுது. பாசை இங்கிலீஷுக்கு மாறிருது. போட்டு வச்ச ஊரு ஒண்ணையும் காணோம்" என்றான். மெனுவுக்குள் போய் முழுசாக ரீசெட் அடித்து, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பவும் போயிற்று. வெள்ளிக்கிழமை காலையில்தான் காரைக் கழுவுகிறான், அதனால் எங்கேயோ தண்ணீர் இறங்குகிறது என்று நினைத்து, பேட்டரி முனை, எர்த் ஒயர், ஃபியூஸ் எல்லாம் கழற்றிச் சுத்தம் பண்ணினேன். அதற்கு அடுத்த வெள்ளியும் போயிற்று.

மூன்றாவது தடவை அவன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஜும்மா முடிந்து வந்து கடையைத் திறக்கிறேன், ஷட்டருக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருக்கிறான். மூஞ்சி செத்துப்போயிருந்தது.

"என்ன மாப்ள, மறுபடியுமா?"

"பாய், இன்னக்கி எப்பிடியாச்சும் கண்டுபிடிச்சிருங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வண்டி வீட்டுக்குப் போயிரணும். கோளாறு செட்டுலதான்னா செட்டுக்காரர்கிட்டக் கேட்டு நிரூபிச்சுக் காட்டச் சொல்லிட்டாக. இல்லன்னா சாவிய வச்சிட்டுப் போயிரணும்."

"செட்டு அழிஞ்சா ஒன் வேலைக்கு என்னடா?"

அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. அந்த அம்மாவின் மகன் சூரியபிரகாஷ் சென்னையில் இருக்கிறான். கார் போன இடமெல்லாம் மேப்பில் பதிவாகியிருக்கும், வாரம் ஒருதடவை எடுத்துப் பாருங்கள் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். சனிக்கிழமை காலையில் அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்து பார்ப்பார்களாம். ஐந்து சனிக்கிழமையாக அந்தப் பட்டியலில் முந்தின நாள் ஓட்டம் தவிர ஒன்றுமே இல்லை. நேரம் சரியாக இருக்கிறது, தமிழ் சரியாக இருக்கிறது, போட்டு வைத்த ஊர்களும் இருக்கின்றன. அதற்கு முன் போய்வந்த இடம் மட்டும் இல்லை. அவர்களுக்கு என்ன தோன்றும்? இவன் காரை எடுத்துக்கொண்டு எங்கேயோ சொந்த சவாரி அடிக்கிறான், அடித்துவிட்டுத் தடயத்தை அழிக்கிறான்.

"அழிச்சவன் நீதான்னு நேத்து தெருவுல வச்சுச் சொன்னாக பாய். பக்கத்து வீட்டுக்காரக எல்லாம் நின்னு பாத்தாக. இன்னக்கி நான் சாவியக் குடுத்துட்டு வந்தேன்னா, திருட்டுப் பய ஓடிட்டாம்பாக. திருநகர்ல இன்னொரு வீட்டுல ஏற முடியுமா? எம் பொண்டாட்டி தமிழ்வாணி அந்தத் தெருவுலதான் ரெண்டு வீட்டுல நர்சு வேல பாக்குறா."

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். அவன் தோளில் கையைப் போட்டு, குரலைத் தாழ்த்தி, "எங்கிட்ட உண்மையச் சொல்லு மாப்ள. ஒரு தடவ ரெண்டு தடவ எங்கயாச்சும் ஓட்டுனியா? சொன்னீன்னா வேற மாதிரி பேசிச் சமாளிச்சிரலாம்" என்றேன்.

ஓயாமல் ஆடுகிற அந்தக் கால் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான். "இல்ல பாய்" என்றான். அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. மனசு சரியில்லை என்றால் எனக்குக் கோபம்தான் வரும். "சரி சரி, தள்ளு, ஸ்க்ரூ டிரைவர எடு" என்று அவன் மேலேயே எரிந்து விழுந்தேன்.

செட்டை வெளியே இழுத்தேன். ஒவ்வொரு ஒயராகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கரண்ட் சீராக வருகிறது. எஞ்சினை அணைத்து அணைத்துப் போட்டேன். பள்ளத்தில் விழுவது மாதிரி டேஷ்போர்டைக் கையால் குத்தினேன். பக்கெட் தண்ணீரை எடுத்துக் கண்ணாடி மேல் ஊற்றினேன். சனியன், ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது. மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

"பாய், மணி மூணே கால்."

"தெரியும்."

"உங்க கடிகாரத்துல மூணு பத்துதான் காட்டுது, அதான்..."

"அடேய், இன்னொரு வாட்டி டைம் சொன்னே, இந்தச் செட்டத் தூக்கித் தலையில போட்ருவேன்!"

வெளியே போய் டீ வாங்கி வந்தான். தன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி நடந்தான். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில், "இங்க வா. வெள்ளிக்கிழம காலைல எந்திரிச்சதுல இருந்து என்னென்ன நடக்குது, ஒண்ணு விடாமச் சொல்லு" என்றேன்.

"ஆறு மணிக்குக் கழுவுவேன். தொடைப்பேன். ஏழு மணிக்கு அம்மா வந்து சாமி கும்புடுவாக. சூடம் காட்டுவாக. அப்புறம் நான் ஏறி சாவியப் போடுவேன். பாத்தா பன்னண்டுன்னு காட்டும்."

"காட்டுனதும்?"

"டைமத் திருத்துவேன். தமிழுக்கு மாத்துவேன். அம்மா போற எடம் பதினாலையும் ஞாபகத்துல இருந்து போட்ருவேன். கோயிலு, தோப்பு, அவுக தங்கச்சி வீடு, பல்லு டாக்டரு..."

"ஒன்னய யார்ரா திருத்தச் சொன்னது!" எனக்கு வந்ததே கோபம். "அப்பவே அந்தம்மாளக் கூப்பிட்டு இந்தா பாருங்கன்னு காட்ட வேண்டியதுதான? எல்லாத்தையும் நீயே சரி பண்ணி வச்சா, போய்வந்தத மட்டும் யாரோ பாத்துப் பாத்து அழிச்ச மாதிரிதான இருக்கும்? கிறுக்குப் பயலே, நீயே ஒனக்குக் குழி வெட்டியிருக்க!"

"தப்பு டைமப் பாத்துக்கிட்டு என்னால வண்டி ஓட்ட முடியாது பாய்" என்றான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

இனி ஒரே ஒரு வழிதான். இந்த மாதிரிச் செட்களில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதற்குள் ஊசியை விட்டு அழுத்தினால் உள்ளே இருக்கிற சின்ன சுவிட்ச் மொத்தத்தையும் அழித்துப் புதுசாக்கிவிடும். அதையும் செய்து பார்த்துவிடலாம் என்று துளையைத் தேடினேன். கீழே இல்லை, ஓரத்தில் இல்லை. போனில் அந்த மாடலின் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். திரைக்கு மேலே, சட்டத்தில், நட்டநடுவில் இருந்தது. ஒரு முகம் என்றால் நெற்றி இருக்கிற இடம்.

காரில் அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பிய பொட்டு இருந்தது.

மூன்று தடவையும் அதைப் பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் அதன் மேல் கை படாமல்தான் வேலை பார்த்திருக்கிறேன். அடுத்தவர் சாமிக்கு வைத்தது, ஒரு பாய் கை வைத்துக் கலைத்தான் என்று வரக்கூடாது பாருங்கள். இரண்டு வருஷத்துச் சந்தனம், வாரா வாரம் பழசின் மேலேயே புதுசாக வைத்து, சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தது.

"மாப்ள, இதச் சுரண்டு."

அவன் ஓரடி பின்னால் போனான். "நான் தொடக்கூடாது பாய்."

"ஏன்?"

"அம்மா சொல்லிருக்காக. வண்டியெல்லாம் தொடைக்கலாம், பொட்டு மட்டும் தொடக்கூடாது. கிண்ணத்தையும் தொடக்கூடாது. மொத வருசம் ஒரு நாள் தெரியாம எடுத்துக் குடுக்கப் போனேன், சத்தம் போட்டுட்டாக. அதுல இருந்து பொட்டச் சுத்தித்தான் தொடைப்பேன்."

அதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. டயருக்கு எவ்வளவு காற்று என்று கேட்டால் சொல்வானே, அப்படிச் சொன்னான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. ஆறு வருஷமாக அந்த அம்மாவின் உயிரை இவன் கையில் கொடுத்து உட்கார்ந்து போகிறார்கள், ஒரு சந்தனக் கிண்ணத்தைத் தொட்டால் தீட்டாம்.

சுரண்டப் போன கையை இழுத்துக்கொண்டேன். வேறொன்று தோன்றிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பி, பிடியின் நுனியால் அந்தப் பொட்டை லேசாக அமுக்கினேன். திரை கறுத்தது. கம்பெனிப் படம் வந்தது. இங்கிலீஷ் வந்தது. மணி பன்னிரண்டு.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மறுபடி அமுக்கினேன். மறுபடி பன்னிரண்டு. துளைக்குள் சந்தனம் இறங்கி இறங்கி, ஊசி மாதிரி இறுகி, போன மாதம்தான் சுவிட்ச் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை காலையில் கட்டைவிரலால் பொட்டு வைக்கிறபோதெல்லாம் செட் அழிந்திருக்கிறது.

பீமாராவ் கார்க் கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பதினைந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் அவன் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாய், மணி நாலு" என்றான்.

பொட்டைத் தொடவில்லை. செட்டை மாட்டி, ஷட்டரை இழுத்துவிட்டுக் கிளம்பினோம். அவன் காரில் முன்னால், நான் ஸ்கூட்டரில் பின்னால். பாலம் இறங்கி, பெரியார் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, பழங்காநத்தத்தில் சிக்கி, பசுமலை வருவதற்குள் எனக்கு முதுகு நனைந்துவிட்டது. அவன் ஹாரன் அடிக்கிற சத்தம் மட்டும் முன்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. நாலு ஐம்பத்தைந்துக்கு வீட்டு வாசலில் நிறுத்தினான்.

அன்னக்கொடி அம்மாள் கேட்டருகே நின்றிருந்தார். எதிர்வீட்டிலும் இரண்டு பேர் நின்றார்கள். விஷயத்தைச் சொன்னேன். "பொட்டு வச்சா மெசினு அழியுமா? நல்லாக் கத கட்டுறீக பாய். எம்புட்டுக் குடுத்தான்?" என்றார். கோபத்தை விழுங்கிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அல்லாவுக்குத்தான் தெரியும்.

"அம்மா, நான் ஒண்ணும் சொல்லல. காலைல எப்பிடி வச்சீங்களோ, அதே மாதிரி இப்ப ஒரு தடவ வைங்க. உங்க கண்ணாலயே பாருங்க."

சந்தனக் கிண்ணம் வந்தது. காருக்குள் ஏறி உட்கார்ந்து, முருகா என்று சொல்லிக் கட்டைவிரலால் அழுத்தி வைத்தார். அவர் கண் முன்னாலேயே திரை கறுத்தது. பன்னிரண்டு மணி. கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடி பன்னிரண்டு.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இறங்கி வந்து, எதிர்வீட்டுக்காரர்கள் காதில் விழுகிற மாதிரி, "அப்ப இவனும் அழிக்கணும்னா இத அமுக்கியிருக்கலாம்ல? இவன் பொட்டத் தொட்டதே இல்லன்னு யாரு கண்டா?" என்றார்.

பீமாராவ் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "நீங்கதாம்மா கண்டீக. தொடக்கூடாதுன்னு சொன்னதே நீங்கதான? மேல மேல அப்பியிருக்கு பாருங்க, நான் தொடைச்சிருந்தா இப்பிடியா இருக்கும்? துளை அன்னக்கே தெரிஞ்சிருக்கும்."

எதிர்வீட்டில் ஒருத்தர் உள்ளே போய்விட்டார். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எதையாவது சொல்லி அந்த இடத்தைக் கடக்க வேண்டும் அவருக்கு. "சரி சரி, நடந்தது நடந்துபோச்சு. பீமா, அந்தச் சந்தனத்தச் சுரண்டி எடுத்துரு" என்றார், தினமும் சொல்கிற குரலில்.

அவன் நகரவில்லை. "நான் தொடலாமாம்மா?" என்று கேட்டான்.

குத்திக் காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். அவன் குரலில் கேலி துளியும் இல்லை, அதனால்தான் அந்தக் கேள்வி அப்படி நின்றது. அந்த அம்மா தொடு என்றும் சொல்லவில்லை, தொடாதே என்றும் சொல்லவில்லை. கடைசியில் தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு தானே காருக்குள் ஏறினார். ஐந்து நிமிஷம் சுரண்டினார். உள்ளங்கையில் ஓர் அரிசி நீளத்துக்குச் சந்தனக் குச்சி வந்து விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "திங்கக்கெழம ஆறு மணிக்கு வந்துரு. தோப்புக்குப் போகணும்" என்றார்.

பீமாராவ் சாவியை எடுத்து காரின் முன்பக்கத்தின் மேல் வைத்தான். "அம்மா போற எடம் பதினாலையும் மறுபடி போடணும். ஒரு சீட்டுல எழுதி ஓரப்பையில வச்சிருக்கேன். பின்னாடி வலது டயர்ல காத்து கொறவு. வாரேம்மா."

"ஏப்பா, பீமா..." என்றார் அந்த அம்மா. இவன் என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

ஸ்கூட்டர் பசுமலையைத் தாண்டியது. எனக்கு உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவைத் திட்டி என்ன, நானும்தானே கேட்டேன். பழங்காநத்தம் சிக்னலில் நின்றபோது திரும்பாமலே சொன்னேன்: "மாப்ள, மத்தியானம் நானும் ஒன்னயச் சந்தேகப்பட்டேன்டா. மன்னிச்சுக்க."

"தெரியும் பாய்."

"கோவம் வரலியா?"

"வந்துச்சு. ஆனா அன்னக்கி அந்த வேன் கடிகாரத்த ஒருத்தரும் போய்ப் பாக்கல. நீங்க சந்தேகப்பட்டாலும் தொறந்து பாத்தீக."

சிக்னல் விழுந்தது தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து என் தோளைத் தட்டி, "பாய், பச்ச விழுந்திருச்சு, எடுங்க, லேட்டாகுது" என்றான். எங்கே போவதற்கு லேட்டாகிறது என்று நான் கேட்கவில்லை.